கெண்டையின் நிழல்

பல்கேரியாவும் துருக்கியும் தொடும் காபிடான் அந்த்ரேவோ எல்லைக்குப் போகும் சாலையில் லாரிகள் நிற்பது செய்தியல்ல, நகர்ந்தால்தான் செய்தி. அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை, பென்கோ அங்கே வந்து மாட்டிக்கொண்டு இரண்டாவது நாள். முன்னால் லாரி, பின்னால் லாரி. இடப்பக்கம் இன்னொரு வரிசை. வலப்பக்கம் கம்பி வேலி, அதற்கப்பால் சூரியகாந்தி வயல். இறங்கி நாலடி நடக்கலாம், அவ்வளவுதான். வரிசை நகரும் நேரத்தில் ஆள் இருக்கையில் இல்லையென்றால் பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து வைத்திருந்ததால் கேபின் ரொட்டி சுடும் அடுப்பாகக் கொதித்தது.

அன்று காலையிலேயே அவனுக்கு ஒரு சண்டை ஆகிவிட்டது. அவன் ஸ்டியரிங்மேல் தலைவைத்துக் கண்ணயர்ந்த நேரத்தில் வரிசை நகர்ந்திருக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு மால்டோவா லாரி உள்ளே புகுந்துவிட்டது. பின்னால் நின்ற, துருக்கியின் பர்சா ஊர் வண்டிக்காரர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கி வந்து கதவைத் தட்டி, துருக்கி மொழியில் கொஞ்சமும் நம் பல்கேரிய மொழியில் மிச்சமுமாகப் பென்கோவின் தூக்கத்தைப் பற்றியும் அவன் பரம்பரையைப் பற்றியும் பேசினார். பென்கோவும் சும்மா இருக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதரின் பெயர் ரிஃபாத் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

பென்கோ அன்று, எல்லையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஹாஸ்கோவோவில் தன் வீட்டு மேஜைமுன் உட்கார்ந்திருக்க வேண்டியவன். ஏனென்றால் அன்றுதான் நாங்கள் குடிபெயரும் நாள்.

நாங்கள் என்பது ஒரு விண்வெளிச் சண்டை விளையாட்டில் சேர்ந்து பறக்கும் முப்பது பேர். வர்ணா, பிளெவென், புர்காஸ் என்று நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். நான் யாம்போலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எங்களை வழிநடத்துபவர் விராட்ஸாவில் பல் மருத்துவராக இருக்கும் நெவெனா. பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் யாருக்கு விவாகரத்து நடக்கிறது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் தெரியும். வருடக்கணக்காக ஒவ்வொரு வார இறுதியும் ஹெட்போனில் சேர்ந்தே இருந்திருக்கிறோம்.

அந்த விளையாட்டில் உடைந்த கலம் உடைந்ததுதான். அதில் ஏற்றியிருந்ததும் போனதுதான். எங்கள் நட்சத்திர மண்டலத்தை ஒரு பெரிய கூட்டணி வந்து பிடித்துக்கொண்டது. அங்கே நாங்கள் தங்கியிருந்த நிலையமும் விழுவதற்குமுன் எல்லோருடைய சாமானையும் வெளியே கொண்டுபோயாக வேண்டும். அவ்வளவையும் விழுங்கக்கூடிய சரக்குக் கலம் எங்களில் ஒருவனிடம்தான் இருந்தது. அதை ஓட்டியவன் பென்கோ. நிஜத்திலும் லாரி, விளையாட்டிலும் லாரியா என்று கேட்காத ஆள் இல்லை.

அந்தக் கலத்துக்குக் கெண்டை என்று பெயர் வைத்தவன் ஸ்பாஸ், பென்கோவின் மனைவி ருமியானாவுக்குத் தம்பி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைத்தொட்டியில் கொழுத்துத் திரியும் கெண்டை மீனைப் போல, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில் வைத்த பெயர் அது. ஸ்பாஸிடம் இருந்தது குளவி என்ற சிறிய போர்க்கலம். அவனே வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது.

குடிபெயர்வைத் தள்ளிப்போட முடியாது. பென்கோ மடிக்கணினியை மடியில் வைத்து, போனிலிருந்து இணையத்தை எடுத்து, லாரிக்குள்ளிருந்தே உள்ளே வந்தான். "எல்லையிலயா இருக்கீங்க மாமா?" என்று ஸ்பாஸ் கேட்டான். ஆமாம் என்றதும், "நீங்க எப்பதான் எங்கயாவது மாட்டிக்காம இருந்தீங்க" என்றான். ஹெட்போனில் யாரும் சிரிக்கவில்லை. போன குளிர்காலத்தில் ருமியானாவுக்குக் குடல்வால் வெடித்தபோது பென்கோ டான்யூப் ஆற்று எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ஸ்பாஸ். அவன் கேலியெல்லாம் அதற்குப் பிறகு கொஞ்சம் முள்ளாகவே இருந்தது.

முதல் இரண்டு மண்டலங்களைத் தொந்தரவில்லாமல் கடந்தோம். மூன்றாவது ஒரு பை மாதிரி. உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல், அவ்வளவுதான். எல்லோருக்கும் முன்னால் உளவு பார்த்துக்கொண்டு போன நான் வெளிவாசலை எட்டியபோது, அங்கே எதிரியின் பெரும்பீரங்கிக் கலங்கள் வரிசையாக நின்றன. திரும்பலாம் என்பதற்குள் பின்வாசலிலும் ஒரு கூட்டம் வந்திறங்கி, கடைசியாக உள்ளே வந்த கெண்டையின்மேல் இரண்டு குண்டும் போட்டுவிட்டது. சண்டை தொட்டுவிட்ட கலத்தை விட்டுவிட்டு விளையாட்டை மூடிக்கொண்டு ஓட முடியாது. ஆள் போனாலும் கலம் அங்கேயே கிடக்கும். நெவெனா சொன்னபடி மண்டலத்தின் நடுவே ஒன்றுமில்லாத ஓர் இடத்துக்கு எல்லோரும் குதித்து ஒளிந்தோம். ஒளிவது என்றால் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

எதிரி தேடுகருவிகளைப் பறக்கவிட்டான். நாங்கள் அவற்றை ஈக்கள் என்போம். ஈக்கள் மண்டலமெங்கும் பரவி, வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கிக்கொண்டே வரும். அவை முகர்வது எங்கள் நிழலை. அந்த விளையாட்டில் ஒவ்வொரு கலத்துக்கும் சென்சாரில் தெரியும் அளவு என்று ஒன்று உண்டு. கலம் எவ்வளவு பெரியது என்பது வேறு. எதிரியின் கருவிக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் நிழல். என் உளவுக் கலத்தின் நிழல் ஒரு குடிசையளவு. கெண்டையின் நிழலோ ஒரு முழுக் கிராமம். நிழல் பெரிதாக இருந்தால் ஈ சீக்கிரம் கண்டுபிடிக்கும், சென்சார் சீக்கிரம் குறிவைத்துப் பூட்டும், பெரிய பீரங்கியின் குண்டு முழுசாக விழும். நிழல் சிறிதானால் பூட்ட நேரம் பிடிக்கும், பெரிய குண்டு உரசிக்கொண்டு போகும்.

ஸ்பாஸ் ஓடிவிடலாம் என்றான். வாசலைச் சுற்றி எதிரி வலை விரித்திருந்ததால் வாசலுக்கு எட்டத்தில்தான் போய் இறங்க முடியும், மிச்சத் தூரத்தைக் கலம் தன் எஞ்சினால் கடந்தாக வேண்டும். பூஸ்டரைப் போட்டால் சீக்கிரம் போய்விடலாம் என்பது அவன் கணக்கு.

"பூஸ்டர் போட்டா நிழல் ஆறு மடங்கா ஊதும்," என்றார் நெவெனா. "கெண்டைக்கு ஆறு மடங்குன்னா யோசிச்சுப் பாரு. பாதி வழி போறதுக்குள்ள பொசுங்கிரும்."

"ஊர்ந்து போனா மட்டும் விட்ருவாங்களா டாக்டர்?"

 நெவெனா பென்கோவிடம், கலத்தில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பென்கோ தயங்கித் தயங்கிச் சொன்னான். நான்கு கூடுதல் கவசங்கள். எங்களுக்கு அதுவரை தெரியாது. பயந்த சுபாவக்காரன். யாரும் சொல்லாமலேயே ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியிருக்கிறான். பிரச்சினை என்னவென்றால், கவசம் தடிக்கத் தடிக்க நிழலும் பருக்கும். எங்கள் கெண்டை தன் இயல்பான அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. பாதுகாப்புக்கென்று அவன் மாட்டியதுதான் ஈக்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது.

நெவெனா அவற்றைக் கழற்றச் சொன்னார். பென்கோ முடியாது என்றான். எல்லோருடைய சாமானும் உள்ளே இருக்கிறது, கவசமில்லாமல் வெறும் உடம்போடு பீரங்கிமுன் போகச் சொல்கிறீர்களா என்று கேட்டான்.  அவன் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். என்னுடைய நாலு வருடச் சேகரிப்பும் அந்த வயிற்றில்தான் இருந்தது. கழற்றச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஈக்களின் வட்டம் சுருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து லாரி வரிசை நகர்ந்தது. பென்கோ கணினியைப் பக்கத்து இருக்கையில் வீசிவிட்டு, வண்டியைக் கிளப்பி, ஒரு வண்டி நீளம் முன்னால் போய் நிறுத்தினான். திரும்பிப் பார்ப்பதற்குள் ஈ ஒன்று அவனருகே வந்துவிட்டிருந்தது. நெவெனா எல்லோரையும் வேறோர் இடத்துக்குக் குதிக்கச் சொன்னார். குதித்தோம். தேடல் முதலிலிருந்து தொடங்கியது. அங்கே மூச்சு விடுவதற்குள் வரிசை மறுபடி நகர்ந்தது. இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை பென்கோ நகரவில்லை. குதிப்பதற்கான பொத்தானில் விரலை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் இடைவெளி அகன்றது. பின்னால் ஹாரன் அலறியது.

ரிஃபாத் இறங்கி வந்து கதவைத் திறந்தே விட்டார்.

"யோவ், நீ என்ன செத்துட்டியா இருக்கியா?"

பென்கோ அவரைப் பார்க்காமல், "ஒரு நிமிஷம் அண்ணே, கும்பிடறேன். இதுலருந்து கண்ண எடுத்தா முப்பது பேரு சாமான் போயிரும்" என்றான். ரிஃபாத் திரையைப் பார்த்தார். கருப்பில் சில புள்ளிகள், சிவப்பில் சில வட்டங்கள். அதில் சாமான் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த முகம் அவருக்குப் புரிந்தது போலிருக்கிறது. வியர்வை வழிய, உதடு வெளுத்து, ஓர் ஆண்பிள்ளை அப்படி உட்கார்ந்திருந்தால் அது விளையாட்டாக இருக்க முடியாது என்று நினைத்தாராம். பிறகு அவரே பென்கோவிடம் சொன்னது.

"அந்தப் பக்கம் நகரு," என்றார்.

பென்கோ பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். ரிஃபாத் ஏறி உட்கார்ந்து, பென்கோவின் லாரியை ஒரு நீளம் முன்னால் எடுத்து நிறுத்தினார். இறங்கி ஓடிப்போய்த் தன் லாரியை எடுத்து வந்து பின்னால் ஒட்டினார். மறுபடி இங்கே வந்தார். அதன்பிறகு அந்த மத்தியானம் முழுக்க அவர் இரண்டு லாரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். நம் நாட்டுக் கர்ஜாலியில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு துருக்கிக்குப் போனவராம். அவர் பேசிய நம் மொழி அந்தக் காலத்து மொழியாகவே நின்றுபோயிருந்தது.

"இதுல நீ எது?" என்று கேட்டார். பென்கோ காட்டினான். "ஏன் ஓடாம நிக்கற?"

"ஓடினா பெரிசாத் தெரிவேன் அண்ணே. பெரிசாத் தெரிஞ்சா அடிச்சுருவான்."

"அப்ப நின்னா?"

"நின்னா கண்டுபிடிச்சு அடிப்பான்."

ரிஃபாத், "நல்ல விளையாட்டாத்தான் தேடிப் புடிச்சிருக்க" என்றார். மைக் திறந்திருந்ததால் நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். 

அப்போதுதான் ஸ்பாஸ் பேசினான். வழக்கமான கிண்டல் குரல் இல்லை.

"மாமா, அந்த நாலு கவசத்தையும் தூக்கி எறிய வேணாம். என்கிட்ட குடுங்க."

எதற்கு என்று பென்கோ கேட்டான்.

"குளவியில மாட்டிக்கறேன். நாலையும் மாட்டி பூஸ்டரையும் போட்டா என் நிழல் உங்க நிழல் அளவுக்கு ஊதிரும். பீரங்கிக்காரன் எப்பவும் நிழல் அளவு வச்சு வரிசைப்படுத்தி, மேல இருக்கறதத்தான் முதல்ல பூட்டுவான். அவனுங்களுக்கு நான் கெண்டையாத் தெரிவேன். நீங்க சின்னதா, மெதுவா, அந்தப் பக்கமாப் போயிருங்க."

"நீ செத்துருவடா."

"குளவிதான சாகும்."

அவன் அதை எவ்வளவு இலேசாகச் சொன்னானோ, அவ்வளவு இலேசான விஷயமில்லை அது. குளவியை அவன் ஒருநாளும் யாருக்கும் ஓட்டக் கொடுத்ததில்லை. நெவெனா, கூட்டத்துக்காக ஒருவனுடைய கலத்தைப் பலியிட நான் சொல்ல மாட்டேன், அவனே முடிவு செய்யட்டும் என்றார். முடிவு செய்தாயிற்று என்றான் ஸ்பாஸ். எல்லோரும் பென்கோவின் பதிலுக்குக் காத்திருந்தோம்.  பிறகு, கெண்டையின் வயிற்றுப் பட்டறை திறந்ததாகத் திரையில் அறிவிப்பு வந்தது. ஒவ்வொன்றாக நான்கு கவசமும் குளவிக்கு மாறின. கெண்டையின் நிழல் குறைவதை நான் என் சென்சாரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராமம் ஒரு தெருவாயிற்று. நான்காவதும் கழன்றது. சட்டையைக் கழற்றிக்கொண்டு பனியில் நிற்பது போல இருந்தது என்று பென்கோ பிறகு சொன்னான்.

எதிரியிடம் வேகமான சிறு கலங்களும் இரண்டு இருந்தன. அவற்றை நானும் மற்றவர்களும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது நெவெனாவின் உத்தரவு. குளவி வாசலுக்குக் கிழக்கே குதித்தது. கெண்டை மேற்கே. குளவி இறங்கிய கணத்திலேயே பூஸ்டரைப் போட்டது. அதன் நிழல் என் திரையில் வீங்கி வீங்கி, பட்டியலில் எல்லோரையும் தாண்டி முதலிடத்துக்குப் போயிற்று. எதிரியின் பீரங்கிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. ஸ்பாஸ் வாசலைச் சுற்றி வட்டமடித்தான், அவர்களுக்கு முன்னால் பாய்ந்தான், விலகினான். குண்டுகள் விழ விழ, பென்கோவின் கவசங்கள் அவனைத் தாங்கின.

மறுபக்கம் கெண்டை ஊர்ந்தது. பூஸ்டர் இல்லாத கெண்டையின் வேகத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத்தான் அந்த நிமிடங்களின் நீளம் தெரியும். வாசல் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது. பென்கோ தூரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். பாதி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம். வாசலைத் தொட்டதும் தாவும் பொத்தானை அவன்தான் அழுத்த வேண்டும். அதை யாரும் அவனுக்காகச் செய்ய முடியாது.

வரிசை நகர்ந்தது. ரிஃபாத் லாரியை எடுத்தார். இந்த முறை நல்ல நகர்வு, நாலைந்து வண்டி நீளம். பென்கோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினான். பாதியில் அவன் குரல் அறுந்தது.

என்ன நடந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. லாரி முன்னால் போனதில் அவன் போன் நம் நாட்டுக் கோபுரத்தை விட்டுவிட்டுத் துருக்கிக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே அவன் சிம்முக்கு இணையம் கிடையாது. பின்னால் போகலாமென்றால் பின்னால் ரிஃபாத்தின் லாரி, அதற்குப் பின்னால் ஆயிரம் லாரி. முன்னால் போகப் போக இன்னும் மோசம். அவன் போனைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான், வெளியே நீட்டிப் பார்த்தான். திரையில் கெண்டை உறைந்து நின்றது.

எங்கள் திரையில் அது நிற்கவில்லை. ஆளில்லாமல், கடைசியாகச் சொன்ன திசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. நெவெனா அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதிலில்லை. ஸ்பாஸிடம், உன் கவசம் தீர்ந்துகொண்டிருக்கிறது, விலகிவிடு என்றார்.

"மாமா வந்துட்டாரா?"

"இல்லை."

"அப்ப இன்னும் ஒரு சுத்து."

இன்னொரு சுற்றும் சுற்றினான். அதற்கடுத்ததும். மூன்றாவது கவசம் போயிற்று, நான்காவது போயிற்று. குளவியின் சொந்த உடம்பு எரியத் தொடங்கியது. வெளியே வா என்று நெவெனா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். ஸ்பாஸ் பூஸ்டரை அணைக்கவில்லை. அணைத்தால் நிழல் சிறுத்துவிடும், பட்டியலில் கீழே இறங்கிவிடுவான், பீரங்கிகள் அடுத்த பெரிய நிழலைத் தேடும். அந்த அடுத்த பெரிய நிழல் எது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ விரிந்தது. பட்டியலிலிருந்து குளவி போய்விட்டது. 

லாரிக்குள் பென்கோ ரிஃபாத்தைப் பார்த்து, "அண்ணே, உங்க போன்ல நெட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ரிஃபாத் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். இருந்தது. ஆனால் அதை எப்படிப் பகிர்வது என்று அவருக்குத் தெரியாது. பென்கோவுக்குத் தெரியும், ஆனால் அதில் எல்லாம் துருக்கி எழுத்து. ரிஃபாத் கண்ணாடி போடாமல் போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அது இல்லை, அடுத்தது, அடுத்தது என்றான் பென்கோ. "கடவுச்சொல் கேக்குது," என்றார் ரிஃபாத். அது என்ன என்று பென்கோ கேட்டான். அவருக்கு ஞாபகமில்லை. கிடைத்த இடத்தில் தன் பெயரையே புதிய கடவுச்சொல்லாகப் போடச் சொன்னார். அது போதுமான நீளமில்லை என்றது போன். அந்தப் பெயரையே இரண்டு முறை சேர்த்துப் போட்டார்கள். ஏற்றுக்கொண்டது.

பென்கோ உள்ளே வந்தபோது பீரங்கிகள் கெண்டையைப் பூட்டத் தொடங்கியிருந்தன. சிறுத்த நிழலைப் பிடிக்க அவற்றுக்கு நேரமானது. அந்த நேரத்தில் கெண்டை இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது. முதல் குண்டு உரசிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் உடம்பில் கால்வாசி போயிற்று. பூஸ்டரைத் தொட்டுவிடாதீங்க, தொட்டுவிடாதீங்க என்று நெவெனா மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். பென்கோவின் விரல் பூஸ்டர்மேல்தான் இருந்ததாம். ஓடவேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கிறபோது ஓடாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலை தன் வாழ்நாளில் செய்ததில்லை என்றான். கலம் செம்மஞ்சளாக எரிந்தது. நான்கில் ஒரு பங்கு மிச்சம். அதிலும் பாதி. பிறகு வாசலின் பச்சை விளக்கு எரிந்தது, அழுத்தினான், கெண்டை மறைந்தது.

மறுபுறம் யாருமில்லை. வெறும் நட்சத்திரங்கள்.

நாங்களும் ஒவ்வொருவராகத் தப்பி வந்தோம். இரண்டு பேர் வரவில்லை, அவர்கள் கலமும் போயிற்று. யாரும் கொண்டாடவில்லை. களைத்துப்போயிருந்தோம். பென்கோ மெல்ல, "மச்சான், இருக்கியா?" என்று கேட்டான். பதில் வரவில்லை. ஸ்பாஸ் எப்போதோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போயிருந்தான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றே பென்கோ நினைத்தான். கணினியை மூடிவிட்டு, கேபினின் வெக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். கலம் பொறியிலிருந்து தப்பித்து வந்துவிட்டது. அதை ஓட்டிய அவன் இன்னும் வெளியே வரவில்லை. கொட்டாய்க்குள் பூட்டிய மாடு போல அதே வரிசை, அதே வேலி. ரிஃபாத் தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் அய்ரான் மோர் கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் லாரியின் நிழலில் தார்ச்சாலையில் உட்கார்ந்து குடித்தார்கள். ஜெயித்தாயா என்று கேட்டார். தெரியவில்லை அண்ணே என்றான்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் சூரியகாந்தி வயலுக்குள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஸ்பாஸும் ருமியானாவும். ஸ்பாஸ் ஹெட்போனைக் கழற்றியதும் நேரே அக்கா வீட்டுக்குப் போய், கையில் கிடைத்ததைக் கட்டச் சொல்லி, காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நெடுஞ்சாலையில் காரை விட மாட்டார்கள் என்பதால் வயல்பாதையில் வந்து, மிச்சத்தை நடந்து, லாரி நம்பரைத் தேடித் தேடி வேலியோரமாகவே வந்திருக்கிறார்கள். ருமியானாவின் செருப்பெல்லாம் மண்.

வேலி உயரம். தாண்ட முடியாது. ருமியானா பாலாடைக்கட்டி வைத்து மடித்துச் சுட்ட பானிட்ஸாவைத் துணியோடு கம்பிக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ரிஃபாத்தான் லாரிப் படிமேல் ஏறி வாங்கினார். பென்கோ கம்பிக்குள் விரலைவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டான். ஏன் வந்தீர்கள் என்று கேட்டான்.

"இவன்தான் இழுத்துட்டு வந்தான்," என்றாள் ருமியானா. "என்ன ஆச்சுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான்."

ஸ்பாஸ் சூரியகாந்தித் தண்டு ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான். பென்கோ அவனைப் பார்த்து, குளவிக்காக, என்று தொடங்கினான். ஸ்பாஸ் முடிக்க விடவில்லை.

"உங்க கொரல் பாதியில நின்னுச்சுல்ல மாமா, அப்ப ஒண்ணு தோணிச்சு. அன்னிக்கிப் பாலத்துல நிக்கறப்ப நீங்களும் இப்படித்தான் கத்திக்கிட்டு இருந்திருப்பீங்க, எங்க காதுல விழாம."

 ரிஃபாத் நிலைமையைப் பார்த்துவிட்டு, பானிட்ஸா நன்றாக இருக்கிறது தங்கச்சி, கர்ஜாலியில் என் அம்மாகூட இதே மாதிரிதான் மாவை மடிப்பாள் என்று வேறு பேச்சை எடுத்தார். ருமியானா அவரிடம் எந்தத் தெரு என்று கேட்டாள். அவர் சொன்ன தெருவில் அவளுடைய அத்தை இருந்திருக்கிறாள்.

அப்போது முன்னால் எஞ்சின்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. வரிசை நகர்கிறது. ரிஃபாத் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத் தன் வண்டிக்கு ஓடினார். பென்கோ ஏறி உட்கார்ந்து கிளப்பினான். லாரி மெதுவாக ஊர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ருமியானாவும் ஸ்பாஸும் அதன் கூடவே, சூரியகாந்தித் தண்டுகளை விலக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள்.